நெல் அறுத்த வயலில் சோயா: உழுவதா, உழாமல் விடுவதா?

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நம் சங்க அன்பர்களில் நாலைந்து பேராவது ஆண்டுதோறும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இங்கே மத்தியப் பிரதேசத்தில் திரும்பிய பக்கமெல்லாம் சோயா விளைகிறதே, நம் தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுத்த வயலில் இதைப் போட்டால் என்ன?" இதற்கு நான் பதில் சொல்வதற்குள் இரண்டாவது கேள்வி வந்துவிடும். "போடுவதானால் டிராக்டர் விட்டு உழ வேண்டுமா, உளுந்து மாதிரி சும்மா தெளித்துவிடலாமா?"

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. நிலத்தைத் தம்பியிடமோ குத்தகைக்காரரிடமோ ஒப்படைத்துவிட்டு இங்கே உத்தியோகம் பார்க்கும் நமக்கு, இது வெறும் பயிர் விஷயம் மட்டும் அல்ல. ஊரிலிருந்து "உழவுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று தொலைபேசி வரும்போது, அனுப்புவது சரியா என்று தீர்மானிக்க வேண்டியவர்களும் நாமே. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை இங்கே விளக்க முயல்கிறேன்.

இங்கே விளைவதும் அங்கே விளைய வேண்டியதும்

மால்வாவின் கரிசல் நிலத்தில் சோயா மழைக்காலப் பயிர். ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ விதைத்து, செப்டம்பர், அக்டோபரில் அறுக்கிறார்கள். முன்பெல்லாம் இங்கே மழைக்காலத்தில் பல நிலங்களைத் தரிசாகவே போட்டுவைத்து, மண்ணில் சேர்ந்த ஈரத்தைக் கொண்டு குளிர்காலத்தில் கோதுமையோ கடலையோ விதைப்பது வழக்கம். அந்தத் தரிசுக் காலத்தை நிரப்ப வந்த பயிர்தான் சோயா. 1970-களுக்குப் பிறகு வேகமாகப் பரவியது. 1987-இல் இந்தூரில் சோயாவுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் அமைந்தது. இங்கிருந்து போகும் சோயாப் பிண்ணாக்குதான் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் தீவனமாகிறது.

ஆனால், இங்கே சோயா நெல்லுக்குப் பின் வருவதில்லை. அது விதைக்கப்படும்போது வானத்தில் மழை இருக்கிறது, பகல் பொழுது பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது, மண் கோடை வெயிலில் வெடித்து ஆறிக் கிடக்கிறது. காவிரிப் படுகையில் சம்பா அறுப்பது ஜனவரி, பிப்ரவரியில். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மூடிவிடுவார்கள். அதன்பின் வாய்க்காலில் தண்ணீர் வராது. மழையும் கிடையாது. பகல் பொழுது ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம்தான். மண்ணோ, நாலைந்து மாதம் தண்ணீருக்கு அடியில் கிடந்த சேறு. செடி ஒன்றுதான். ஆனால் அது எதிர்கொள்ளும் நிலைமை நேர் எதிரானது.

சேறு என்பது என்ன?

நெல்லுக்கு நாம் சேறடிப்பது வீண் வேலை அல்ல. நல்ல மண் என்பது சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். உருண்டைகளுக்கு இடையே உள்ள துளைகளில் காற்றும் நீரும் இருக்கும். தண்ணீரைக் கட்டி மாட்டையோ டிராக்டரையோ விட்டு மிதிக்கும்போது அந்த உருண்டைகள் உடைந்து கூழாகின்றன. நுண்ணிய களித்துகள் துளைகளை அடைத்துக்கொள்கிறது. அதோடு, மேல் சேற்றுக்குக் கீழே, சுமார் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில், ஆண்டாண்டாகக் கலப்பையும் குளம்பும் சக்கரமும் அழுத்திய ஒரு கெட்டித் தட்டு உண்டாகிறது. வயலில் கட்டிய தண்ணீர் கீழே ஓடிவிடாமல் தாங்குவது இந்தத் தட்டுதான். நெல்லுக்கு இது வரம்.

பயறு வகைக்கு அதுவே தடை. வேர் மண்ணைத் துளைக்க ஓர் அளவுக்குத்தான் பலம் கொண்டது. மண்ணின் எதிர்ப்பு 2 மெகாபாஸ்கலை, அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 20 கிலோ அழுத்தத்தை எட்டினால், பெரும்பாலான பயிர்களின் வேர் நின்றுவிடும். ஈரமாக இருக்கும்வரை சேற்று வயல் மெத்தென்றுதான் இருக்கும். காயக் காய அது இறுகும். பாளம் பாளமாக வெடிக்கும். ஆகவே நெல்லுக்குப் பின் வரும் பயிருக்கு உண்மையில் இருப்பது ஒரு பந்தயம். மண் இறுகுவதற்குள் வேர் கீழே போய்விட வேண்டும்.

உழுதால் நடப்பது

அறுவடை முடிந்த கையோடு களிமண் வயலில் டிராக்டரை விட்டால், கொழு புரட்டும் மண் மினுமினுவென்று பளபளப்பாக வரும். ஈரம் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தப் பாளங்கள் இரண்டு மூன்று நாள் வெயிலில் செங்கல்லாகிவிடும். பிறகு எத்தனை சால் ஓட்டினாலும், ரோட்டவேட்டர் விட்டாலும், மேலே கட்டியும் இடையிலே தூளுமாகத்தான் கிடைக்கும். கட்டிகளுக்கு நடுவே விழுந்த விதைக்கு மண் ஒட்டாது. மண் ஒட்டாவிட்டால் ஈரம் ஏறாது.

"சரி, பதம் வரட்டும், காத்திருந்து உழலாம்" என்பார்கள். களிமண்ணில் உழுபதம் நிற்பது சில நாள்களே. அதற்காகப் பத்து, பதினைந்து நாள் காத்திருந்தால் மேல்மண்ணின் ஈரம் போய்விடும். உழுவதால் புரளும் மண் இன்னும் வேகமாக உலரும். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத பிப்ரவரியில், மண்ணுக்குள் மிச்சமிருக்கும் ஈரம்தான் பயிரின் முழு முதல். விதைக்கும் முன்பே அந்த முதலில் ஒரு பங்கைச் செலவழிப்பதுதான் உழவு. காத்திருந்த நாள்களால் பூப்பும் காய்ப்பும் மார்ச், ஏப்ரல் வெயிலுக்குத் தள்ளிப்போகும்.

வைக்கோலையும் அரிதாளையும் மடக்கி உழுவதில் இன்னொரு சங்கடம் உண்டு. நெல் வைக்கோலில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. மண்ணுக்குள் புதைந்த வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வேர்முடிச்சு வேலை தொடங்கும் முன் இளஞ்செடி மஞ்சளாகி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதே வைக்கோல் மண்ணுக்கு மேலே கிடந்தால் மெதுவாகத்தான் மக்கும். இந்தப் போட்டியும் குறையும்.

"அகல உழுவதை விட ஆழ உழு" என்றும், புழுதி நாலில் ஒரு பங்காகக் காயும்படி உழுதால் எருவே வேண்டாம் என்ற வள்ளுவர் கருத்தையும் சொல்லி, உழவைக் குறைக்கலாமா என்று சிலர் வாதாடுகிறார்கள். அவை தவறல்ல. ஆனால் அது புழுதி ஆறக் காலம் இருக்கும்போது, வரப்போகும் மழையை எதிர்பார்த்துச் செய்யும் உழவு. மழை முடிந்து, இருக்கிற ஈரத்தை மட்டும் நம்பி விதைக்கும் வயலுக்கு அந்த விதியை அப்படியே பொருத்த முடியாது.

உழாமல் விட்டால்

நம் டெல்டா உழவர்கள் இதை ஆராய்ச்சி நிலையம் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். அறுவடை ஆகும்போது உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும். உழவு இல்லை, பாசனம் இல்லை. மண்ணில் இருக்கும் ஈரமும் இரவுப் பனியும்தான் துணை. ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் இந்தத் தரிசு உளுந்துக்கென்றே ஆடுதுறை 3 போன்ற ரகங்களைத் தந்திருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் சத்தீஸ்கரிலும் இதே வழக்கம் உண்டு. நிற்கும் நெல்லுக்குள் கேசரிப் பருப்பையும் ஆளி விதையையும் தெளிக்கும் அம்முறையை அங்கே உதேரா என்கிறார்கள். பீகாரிலும் வங்காளத்திலும் அதன் பெயர் பைரா. ராய்ப்பூர் பக்கம் நவம்பரில் ரயிலில் போகிறவர்கள், அறுத்த வயலில் அரிதாளுக்கு நடுவே பச்சை தலைநீட்டுவதைப் பார்த்திருக்கலாம்.

உழாத வயலில் வேருக்கு ஒரு மறைவான உதவியும் கிடைக்கிறது. செத்த நெல்வேர்கள் மக்கிப்போன இடத்தில் மெல்லிய குழாய்கள் போன்ற வழிகள் இருக்கும். புதுச் செடியின் ஆணிவேர் அந்த வழியைப் பிடித்துக் கீழே இறங்கும். உழுதால் மேல்மண்ணில் உள்ள இந்த வழிகள் அழிந்துவிடும்.

குறையும் உண்டு. அரிதாள் மறுபடி தழைத்து, பயிருக்கான ஈரத்தைக் குடிக்கும். களை முன்னதாகவே காலூன்றிவிடும். வயல் வெடிக்கும்போது வேர் அறுபடும். முதல் இரண்டுக்கும் மருந்து, அறுக்கும்போதே தரையோடு ஒட்டி அறுப்பது. மூன்றாவதற்கு மருந்து, வைக்கோலை மெல்லிய போர்வையாகப் பரப்பிவிடுவது.

உளுந்து வேறு, சோயா வேறு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உளுந்து தெளித்து வந்தது, ஆகவே சோயாவும் தெளித்தால் வரும் என்று நினைப்பது சரியல்ல.

நூறு உளுந்து மணி நாலைந்து கிராம் எடை. நூறு சோயா மணி பெரும்பாலும் 10 முதல் 15 கிராம். சோயா முளைக்கத் தன் எடையில் ஏறத்தாழ பாதி அளவு தண்ணீரை உறிஞ்ச வேண்டும். மண்ணின் மேல் வெறுமனே கிடந்தால் அந்த அளவு ஈரம் ஏறுவதற்குள் வெயில் காய்த்துவிடும். பாதி ஊறிக் காய்ந்த விதை செத்துப்போகும். அதிக ஈரத்தில் புதைந்தாலோ அழுகிவிடும். மூன்று, நான்கு செ.மீ. ஆழத்தில், மண் சுற்றிலும் ஒட்டிய நிலையில் இருக்க வேண்டும்.

முளைக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. சோயா தன் இரண்டு பெரிய விதையிலைகளையும் கழுத்தை வளைத்துத் தூக்கிக்கொண்டு மண்ணைப் பிளந்து வெளியே வர வேண்டும். மேலே பொருக்கு கட்டியிருந்தால் கழுத்து ஒடிந்துவிடும். உழுது தூளாக்கிய சேற்று மண்ணில் ஒரு தண்ணீர் விட்டாலோ, ஒரு சிறு மழை பெய்தாலோ இந்தப் பொருக்கு உறுதி.

மூன்றாவது, விதையின் ஆயுள். சோயாவில் ஏறக்குறைய 20 சதவீதம் எண்ணெய், 40 சதவீதம் புரதம். தோலோ மிக மெல்லியது. மூட்டையைத் தூக்கி எறிந்தாலே முளைப்புத் திறன் குறையும். அதனால்தான் சான்று விதைக்கும் 70 சதவீத முளைப்பையே குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, வேர்முடிச்சு. ஒரு டன் மணி விளைவிக்க சோயாவுக்கு ஏறத்தாழ 80 கிலோ தழைச்சத்து வேண்டும். அதில் பாதிக்குமேல் வேர்முடிச்சு பாக்டீரியாதான் காற்றிலிருந்து எடுத்துத் தர வேண்டும். உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் வேண்டிய பாக்டீரியா நம் மண்ணிலேயே இருக்கிறது. சோயாவுக்கு வேண்டியது வேறு இனம். சோயாவே விளைந்திராத வயலில், அதற்குரிய ரைசோபியத்தை விதையில் கலந்து விதைக்காவிட்டால், எப்படி உழுதாலும் உழாவிட்டாலும் பயன் இல்லை.

ஜாவாவும் ஜப்பானும் சொல்லும் பாடம்

நெல்லுக்குப் பின் சோயா போடுவதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் ஜாவா உழவர்கள். அவர்கள் உழுவதும் இல்லை, தெளிப்பதும் இல்லை. நெல் அறுத்த சில நாள்களுக்குள், முனை கூரான தடியால் அரிதாள் அருகே சிறு குழி போட்டு, குழிக்கு இரண்டு மூன்று விதை இட்டு, மேலே வைக்கோலைப் பரப்பிவிடுகிறார்கள். விதைக்கு மண் ஒட்டுகிறது, ஈரம் காக்கப்படுகிறது, பொருக்கும் இல்லை. வைக்கோல் மூடிய வயலில் களையும் தண்டு ஈயின் தொல்லையும் குறைவதை ஆசிய ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தைவானின் தென்பகுதியிலும் அரிதாள் வயலில் உழாமல் சோயா விதைக்கும் முறை இருந்துவந்திருக்கிறது.

ஜப்பானில் கதை தலைகீழ். அரிசி தேவைக்கு மேல் விளைந்ததால், 1970 வாக்கில் தொடங்கி 2018-இல் முடிவுக்கு வந்த திட்டத்தின் கீழ், அரசே நெல் பரப்பைக் குறைக்கச் சொன்னது. நெல் வயல் பலவற்றில் சோயா வந்தது. ஆனால் அங்கே சோயா விதைக்கும் ஜூன், ஜூலை அடைமழைக் காலம். கெட்டித் தட்டுக்கு மேல் நீர் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகி, வேர்முடிச்சும் வேலை செய்யாமல் போயிற்று. ஆகவே அவர்கள் களிமண் வயல்களில், உழுதுகொண்டே பார் அணைத்து அதன் மேல் விதைக்கும் கருவிகளைக் கண்டுபிடித்தார்கள். அங்கே உழவு ஈரத்தை வெளியேற்றும் கருவி. ஈரத்தைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் அதே குணம்தான் நட்டமாகிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதி புலப்படும். உழவு நல்லதா கெட்டதா என்பதைக் கலப்பை தீர்மானிப்பதில்லை, தண்ணீர் தீர்மானிக்கிறது. பயிர்க்காலத்தில் ஈரம் மிஞ்சும் என்றால் உழுது மேடாக்க வேண்டும். ஈரம் போதாது என்றால் மண்ணைத் தொடாமல் விதையை உள்ளே வைக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணறு இருந்து, மண்ணும் பொலபொலவென்று உதிரும் வண்டலாக இருந்தால், லேசாக ஒரு சால் ஓட்டி விதைப்பது களைக்கும் முளைப்புக்கும் நல்லது. வாய்க்காலை மட்டும் நம்பிய களிமண் வயலுக்கு அந்த உழவு வீண் செலவு.

கெட்டித் தட்டை உடைக்கலாமா?

"உளிக்கலப்பை விட்டு ஆழமாக உடைத்துவிட்டால் வேர் தாராளமாகப் போகுமே?" என்பது படித்த இளைஞர்கள் கேட்கும் கேள்வி. போகும்தான். ஆனால் மூன்று மாதப் பயிருக்காக அந்தத் தட்டை உடைத்தால், அடுத்த குறுவைக்குக் கட்டும் தண்ணீர் கீழே இறங்கும். மணல் கலந்த நிலத்தில் இது பெரிய இழப்பு. காவிரித் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று நாள் எண்ணும் ஊரில், பல ஆண்டு சேற்றுழவில் உண்டான அந்தத் தட்டை யோசிக்காமல் உடைக்கக் கூடாது. நெல்லை அறவே விட்டுவிட்டு வேறு பயிருக்கு மாறும் நிலம் என்றால் மட்டும் அது வேறு விஷயம்.

அறுவடை இயந்திரம் வந்த பிறகு

இன்று நம் ஊர் வயல்களில் பெரும்பாலும் இயந்திர அறுவடைதான். முன்கூட்டியே தெளித்த உளுந்து முளைகள் சக்கரத்துக்கும் சங்கிலித் தடத்துக்கும் அடியில் நசுங்குகின்றன. ஈர வயலில் பல டன் எடை ஏறியதால் தடம் விழுந்து, அந்த இடம் காய்ந்ததும் கல்லாகிறது. வைக்கோல் வரிசையாகக் குவிந்து, சில இடம் மூடியும் சில இடம் மொட்டையுமாக நிற்கிறது. தரிசுப் பயறு பல வயல்களில் குறைந்துபோனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த நிலைமையில் பொருத்தமானது, அறுத்த பிறகு உழாமலே விதைக்கும் கருவி. பஞ்சாப், ஹரியானாவில் நெல்லுக்குப் பின் கோதுமையை உழாமல் விதைக்கப் பழகிய கருவி அது. மண்ணில் ஒரு கோடு மட்டும் கீறி, விதையை ஆழத்தில் வைத்துக்கொண்டே போகும். சோயா போன்ற பெரிய விதைக்கு, தெளிப்பைவிட இதுவே தகும். ஆனால் மண் டிராக்டரைத் தாங்கும் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். விதை முளைக்கும் அளவுக்கு ஈரமும் இருக்க வேண்டும். அறுப்பதற்கு முன் தண்ணீரை எப்போது வடிக்கிறோம் என்பதில்தான் அந்தக் கணக்கு அடங்கியிருக்கிறது.

ஊருக்குச் சொல்ல வேண்டியவை

முதலாவது, இங்கிருந்து சோயா விதையை மூட்டை கட்டி எடுத்துப் போகாதீர்கள். 1994-இல் வெளியான ஜே.எஸ். 335 போன்ற இப்பகுதி ரகங்கள் இங்கத்திய நீண்ட பகலுக்கும் மழைக்காலத்துக்கும் ஏற்றவை. சோயா, பகல் பொழுது குறைந்தால் சீக்கிரம் பூக்கும் பயிர். ஜனவரியில் நம் ஊரில் விதைத்தால் செடி வளரும் முன்பே பூத்துக் குட்டையாக நின்றுவிடும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ வரிசை ரகங்கள் இருக்கின்றன. அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, விதைக்கும் முன் நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்க்கட்டும். எழுபதுக்குக் குறைவாக முளைத்தால் அந்த விதை வேண்டாம்.

மூன்றாவது, வயலில் மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் வெட்டிப் பார்க்கட்டும். ஒரு பிடி மண்ணை உருட்டினால் பளபளப்பாகத் திரண்டால் உழும் பேச்சே வேண்டாம்.

நான்காவது, முதல் ஆண்டே வேலிக் கணக்கில் இறங்க வேண்டாம். ஒரே ஒரு மாவில் பாதியை உழுதும் பாதியை உழாமல் குழியிட்டும் விதைத்துப் பார்க்கட்டும். பக்கத்து மாவில் வழக்கம்போல் உளுந்து இருக்கட்டும். நாற்பதாம் நாள் இரண்டு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கீறிப் பார்த்தால், உள்ளே செந்நிறமாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். அறுத்த பிறகு விளைச்சலை மட்டும் பார்க்காமல், டீசலும் கூலியும் கழித்து, விற்கும் இடத்தையும் விசாரித்துக் கணக்குப் போடட்டும். உளுந்து விற்காவிட்டாலும் இட்லிக்கு ஆகும். சோயாவுக்கு வியாபாரியோ தீவன ஆலையோ வாங்க வந்தாக வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், வாய்க்கால் பாசனக் களிமண் வயலில் உளுந்துக்கே முதலிடம் கொடுப்பேன். கிணறும் நல்ல வண்டலும் உள்ளவர்கள் சோயாவைச் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம். எதுவானாலும், "உழவுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று ஊரிலிருந்து கேட்டால், உடனே அனுப்புவதற்கு முன், "மண்ணில் ஈரம் எவ்வளவு இருக்கிறது, இனித் தண்ணீர் வருமா?" என்று கேளுங்கள். அந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலைப் பொறுத்து, அந்தப் பணம் டிராக்டருக்கா, நல்ல விதைக்கா என்று நீங்களே முடிவு செய்யலாம்.